நோயாளியின் பங்கேற்பு: விருதுநகர் மாவட்டமும் சிவகாசிப் பட்டாசுத் தொழில் பகுதியும்

நோயாளியின் பங்கேற்பு என்பது, நோயுற்றவர் தம் உடல்நிலை பற்றிய தகவல்களைக் கேட்டறிந்து, தமக்குத் தெரிந்தவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறி, சிகிச்சை பற்றிய முடிவுகளில் தாமும் பங்குபெறுவதாகும். நோயாளியே மருத்துவராகிவிடுவது என்று இதற்குப் பொருள் இல்லை. நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பணி. ஆனால் அந்தப் பணி சரியாக நடக்கத் தேவையான செய்திகளில் பாதி நோயாளியிடம்தான் இருக்கிறது.

இந்தக் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் நோயாளியே முதலில் வைக்கப்பட்டுள்ளார். தற்காலத்தில், 1978-ஆம் ஆண்டு அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் வெளியான அறிக்கை, தமது நலவாழ்வுச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது.

நோயாளியின் பங்கேற்பு தகவலைச் சார்ந்தது. நோயாளியிடமிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து நோயாளிக்கும் தகவல் தடையின்றிச் செல்ல வேண்டும். இவற்றில் எந்த வழி அடைபட்டாலும் என்ன நேரும் என்பதை விருதுநகர் மாவட்டத்தின் அனுபவம் காட்டுகிறது.

சாத்தூர் நிகழ்வு (2018)

2018 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்ற ஒரு கர்ப்பிணிக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது பின்னர் தெரியவந்தது. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியில் ஓர் இளைஞர் கொடையாக அளித்த இரத்தம் அது.

அதே இளைஞர் 2016-இல் ஒரு முகாமிலும் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்தது. ஆனால் அந்த முடிவு அவரைச் சென்றடையவில்லை. தமக்குத் தொற்று இருப்பதை அறியாமல், உதவும் எண்ணத்தோடு 2018-இல் மீண்டும் இரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் உண்மை தெரிந்ததும், அவரே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. செய்தி பரவியபின் மனமுடைந்த அவர், அந்த ஆண்டு முடிவதற்குள் உயிரிழந்தார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது.

இந்நிகழ்வில் முதன்மையான பொறுப்பு சோதனை செய்து இரத்தம் வழங்கிய அமைப்பினுடையது. ஏற்றப்படும் இரத்தத்தைச் சோதிக்க எந்த நோயாளியாலும் இயலாது. எனினும் இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தன் உடலைப் பற்றிய ஒரு சோதனை முடிவு தனக்குக் கிடைத்தவுடன் தாமதமின்றி அதைத் தெரிவித்தவர் அந்த இளைஞர்தான். அதே முடிவு 2016-லேயே, தக்க ஆலோசனையுடன், அவருக்குச் சொல்லப்பட்டிருந்தால் அவருக்கும் சிகிச்சை தொடங்கியிருக்கும். இன்னொரு குடும்பமும் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இரத்தக் கொடையாளரின் படிவத்தில், சோதனையில் ஏதேனும் குறை தெரிந்தால் தெரிவிக்கலாமா என்ற கேள்வி இடம்பெறுகிறது. அதற்கு விடையளித்து, சரியான முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதுவது கொடையாளரின் பங்கு. எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவரது இசைவின்றி வெளியிடுவதையும், அவருக்குச் சிகிச்சை மறுப்பதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. இது 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

தொழிலைச் சொல்லுதல்

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி, தொழில்சார் நோய்கள் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அவர் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இக்கேள்வி மிகவும் முக்கியமானது. மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி தாமாகவே சொல்ல வேண்டும்.

'பட்டாசு வேலை' என்று மட்டும் சொல்வது போதாது. பெட்டி ஒட்டுபவர், சரம் பின்னுபவர், திரி வைப்பவர், மருந்து கலப்பவர் ஆகியோர் வெவ்வேறு பொருள்களைக் கையாள்கிறார்கள். மேலும், இப்பகுதியில் 'மருந்து' என்றால் வெடிக்கலவை என்றும் பொருள். 'மருந்து அறையில் வேலை' என்று சொன்னால் வெளியூர் மருத்துவருக்கு அது விளங்காமல் போகலாம். அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எனப் பொருளின் பெயரைச் சொல்வதே நல்லது. கந்தகத் தூள் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். பேரியம் உப்புகள் உடலுக்குள் சென்றால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளரும். பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. தடை செய்யப்பட்ட பொருளைக் கையாண்டிருந்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும்.

தீக்காயமும் விபத்துப் பதிவும்

தீக்காயம் பட்டவுடன் குழாய் நீரைச் சுமார் 20 நிமிடம் காயத்தின்மேல் ஓடவிட வேண்டும். உலர்ந்த வெடிமருந்துத் தூள் உடலில் ஒட்டியிருந்தால் முதலில் அதை உதறி நீக்க வேண்டும். பேனா மை, பற்பசை, மாவு போன்றவற்றைப் பூசினால் காயத்தின் ஆழம் மருத்துவருக்குத் தெரியாமல் போகும். கிருமித் தொற்றும் ஏற்படலாம்.

அரசு மருத்துவமனையில் காயத்தின் காரணம் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும். வீட்டில் உரிமமின்றிப் பட்டாசு செய்தபோது காயம்பட்டவர், வழக்குக்கு அஞ்சி, 'அடுப்பில் பட்டது' என்று சொல்ல நேரலாம். அவ்வாறு சொன்னால், எந்த வேதிப்பொருளால் காயம் ஏற்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரியாது. பின்னர் இழப்பீடு கேட்கும்போதும் பதிவேடே எதிராக நிற்கும். உயிர்காக்கும் சிகிச்சையை வழக்கைக் காரணம் காட்டித் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

ஈ.எஸ்.ஐ. உரிமைகள்

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும், பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் அடங்குவர். சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. தொழிலாளி அறிந்திருக்க வேண்டியவை:

• நோய்க்கால உதவியாக, தகுதியுள்ளவருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும்.
• பணியிடக் காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாதபோது ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். இதற்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு.
• தொழிலாளி சந்தா செலுத்துவதால், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைச் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். உச்ச நீதிமன்றம் 2007-இல் கிஷோர் லால் வழக்கில் இதை உறுதி செய்தது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் மருத்துவமனைகளுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது.

ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் பலர் நோயைத் தள்ளிப்போடுகின்றனர். இந்த உதவித்தொகைகளை அறிந்திருப்பவர், சிகிச்சையைத் தொடங்கும் நாளைத் தாமே முடிவு செய்ய முடியும். ஆகவே காப்பீட்டு எண்ணைத் தொழிலாளியோடு அவர் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இசைவும் ஆவணங்களும்

சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கிய பின்னரே நோயாளியின் இசைவைப் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் கூறியது. படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டால் மட்டும் அது இசைவு ஆகிவிடாது. நோயாளி கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. எனக்கு வந்துள்ள நோய் என்ன?
2. இந்தச் சோதனை எதற்கு? முடிவு எப்போது, யாரிடம் கிடைக்கும்?
3. இந்த மருந்தை எத்தனை நாள், எப்படி உட்கொள்ள வேண்டும்?
4. வேறு சிகிச்சை முறை உண்டா? சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும்?
5. என் வேலை இந்த நோய்க்குக் காரணமா? வேலையைத் தொடரலாமா?

கேள்விகளை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு எழுதிக்கொள்ளலாம். பழைய சீட்டுகளையும் சோதனை முடிவுகளையும் ஒரே பையில் தேதி வரிசைப்படி வைத்திருப்பதும், விடுபட்ட முடிவைத் தேடிச் சென்று கேட்பதும் இப்பங்கேற்பில் அடங்கும். பொதுவான மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வரம்புகள்

நோயாளி எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், இரத்த வங்கியின் கவனக்குறைவையோ ஆலையின் பாதுகாப்புக் குறைபாட்டையோ அவரால் ஈடுசெய்ய முடியாது. நீண்ட வரிசையில் நிற்கும் நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற மருத்துவரால் எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லவும் இயலாது. எனவே நோயாளியின் பங்கேற்பு, அரசும் மருத்துவமனையும் ஆலை நிர்வாகமும் தத்தம் கடமையைத் தட்டிக்கழிப்பதற்கான காரணம் ஆகக் கூடாது. கேட்பது நோயாளியின் உரிமை என்றால், கேளாமலே சொல்ல வேண்டியதைச் சொல்வது அமைப்பின் கடமை.