அதிகாரப் பகிர்வும் அரசியல் நலனும்

வாக்காளரும் அவர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதியும் ஒரே நலனை நாடுவர் என்பது மக்களாட்சியின் எதிர்பார்ப்பாகும். நடைமுறையில் இவ்விரு நலன்களும் எப்பொழுதும் ஒன்றுபடுவதில்லை. வாக்காளருக்கு வேண்டியது குடிநீர், சாலை, பள்ளி. அவை எவர் வாயிலாகக் கிடைப்பினும் அவருக்கு ஒன்றே. பிரதிநிதிக்கோ, அவை தம்மால் கிடைத்தன என்று வாக்காளர் உணர்தல் இன்றியமையாதது. இவ்வேறுபாடு கொள்கைகளைப் பாதிக்கும் விதத்திற்கு நம் நாட்டு ஊராட்சிகளின் வரலாறு தக்க சான்றாகும்.

1957ஆம் ஆண்டில் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2ஆம் நாள் ராஜஸ்தானின் நாகௌரில் அது தொடங்கி வைக்கப்பெற்றது. ஆயினும் பின்னர்ப் பல மாநிலங்களில் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டன. மேல்மட்ட அரசியல் தலைமை போதிய ஆர்வம் காட்டாமையே இந்நலிவுக்கு முக்கியக் காரணம் என 1978இல் அசோக் மேத்தா குழு சுட்டிக்காட்டியது. வலுவான ஊராட்சித் தலைவர் நாளைய போட்டியாளர் ஆகலாம் என்ற அச்சம் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுவது இயல்பே.

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதற்குத் தீர்வு காண முயன்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியவை கட்டாயமாயின. ஆனால் பதினோராவது அட்டவணையிலுள்ள 29 பணித்துறைகளில் எவற்றை ஊராட்சிகளுக்கு ஒப்படைப்பது என்பது மாநிலச் சட்டமன்றங்களின் முடிவுக்கே விடப்பட்டது. அதாவது, அதிகாரத்தை இழக்க வேண்டியவரே அதனை வழங்க வேண்டியவரும் ஆனார். மாநிலத்திற்கு மாநிலம் அதிகாரப் பகிர்வு பெரிதும் வேறுபடுவதில் இந்நிலைக்கும் பங்குண்டு.

அதே 1993ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. உறுப்பினர் பரிந்துரைக்க, மாவட்ட நிருவாகம் பணிகளை நிறைவேற்றும். 2011-12 முதல் ஆண்டு ஒதுக்கீடு ரூ. 5 கோடியாக உயர்ந்தது. இத்திட்டம் அவசரத் தேவைகளை விரைவில் நிறைவேற்ற உதவுகிறது என்பர் ஆதரிப்போர். உள்ளாட்சிகளின் பணியில் குறுக்கிடுகிறது என்பர் எதிர்ப்போர். இதனைக் கைவிட வேண்டும் என இரண்டாவது நிருவாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றமோ 2010இல் திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இவ்வரலாறு புலப்படுத்துவது ஒன்றுண்டு. நலன்கள் மோதும் இடத்தில் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தேர்தல் குறித்து விதி கட்டாயமானபோது ஊராட்சிகள் நிலைபெற்றன. அதிகாரம் விருப்பத்திற்கு விடப்பட்டபோது அவை தயங்கி நின்றன. பணியும் நிதியும் பணியாளரும் ஒருங்கே ஒப்படைக்கப்பட்டு, கிராம சபையில் கணக்குக் கேட்கும் வழக்கம் வேரூன்றும்போதே வாக்காளரின் நலன் கொள்கையின் நலனாக மாறும்.