உங்களுக்கு எந்தத் தோட்டம்?

மலாக்கா நகரிலிருந்து கடலோரமாக வடமேற்கே போனால் தங்கா பத்து வருகிறது. மலாய்மொழியில் தங்கா என்றால் படி, பத்து என்றால் கல். கற்படி என்பதுதான் ஊர்ப்பெயரின் பொருள். தமிழ்க் காதிலோ அது தங்காத ஊர் என்று விழுகிறது. வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனால் இந்த வட்டாரத்தில் வந்து போனவர்களை எண்ணிப் பார்த்தால் சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் சுங்கை ஊடாங்கில் தெரெண்டாக் முகாம் இருக்கிறது. 1950களின் கடைசியில் காமன்வெல்த் படைகளுக்காகக் கட்டப்பட்டது. ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்து, சில ஆண்டுகள் இருந்து, திரும்பிப் போனார்கள். இறந்தவர்களில்கூட எல்லோரும் அங்கேயே கிடந்துவிடவில்லை. முகாமின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்த 30க்கும் மேற்பட்டோரின் எச்சங்களை 2016இல் ஆஸ்திரேலியா விமானத்தில் தன் நாட்டுக்கு எடுத்துச் சென்றது. இதே மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதியில், ஜாசினிலும் அலோர் காஜாவிலும், ரப்பர்த் தோட்டத்துச் சுடுகாடுகளில் மூன்று தலைமுறைத் தமிழர்கள் கிடக்கிறார்கள். அவர்களை அழைத்துப்போக எந்த விமானமும் வரப்போவதில்லை; வரவேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஏனென்றால் அவர்கள் வீடு இங்கேதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பு எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் கேள்வி.

அயல்நாட்டுக்குப் போய் அங்கே ஒரு கிராமப்புறத்தில் வாழ்கிறவரை இரண்டு சொற்களால் அழைக்கலாம். மலேசியாவில் ஒன்று எக்ஸ்பாட்ரியட். மரியாதையான சொல், விசா அலுவலகத்தில் நாற்காலி போட்டுக் கொடுக்கும் சொல். மற்றொன்று பெண்டாத்தாங், வந்தேறி. அரசியல் மேடையில் சூடு ஏறும்போதெல்லாம் எடுத்து வீசப்படுவது. ஒரே தோட்டத்தில் இந்த இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தார்கள். மேட்டுப் பங்களாவில் துரை. பள்ளத்து லயத்தில், வரிசை வீடுகளில், தொழிலாளி. துரைக்கு ஒப்பந்தம் நாலைந்து ஆண்டு. முடிந்ததும் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போவார், திரும்பி வருவார், கடைசியில் ஓய்வூதியத்தோடு இங்கிலாந்துக்கோ ஸ்காட்லாந்துக்கோ கப்பல் ஏறுவார். சின்னத்துரையாக வந்தவர் தமிழ் படித்துத் தேர்வு எழுத வேண்டும் என்ற வழக்கம் இருந்தது; நாட்டு மொழியைவிடத் தோட்டத்து மொழிதான் அவருக்குச் சோறு போட்டது. தங்கள் தனிமையையும் மழையையும் வெயிலையும் அவர்கள் எழுதியும் வைத்தார்கள். மலாயாவில் தோட்டம் நடத்திய ஹென்றி ஃபொக்கொனியே எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசே கிடைத்தது. இருந்தும், எந்த அளவுகோலால் பார்த்தாலும் தங்காதவர் துரைதான். தங்கியவர் தொழிலாளி. வந்தேறிப் பட்டம் மட்டும் தங்கியவருக்கு வந்து சேர்ந்தது. நிறத்தையும் வர்க்கத்தையும் காரணமாகச் சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் மலாக்காவைக் கூர்ந்து பார்த்தால் அதைவிட எளிய, அதைவிடக் கடினமான ஒரு காரணம் கிடைக்கிறது. வாழ்ந்த ஆண்டுகளாலோ மனத்தின் பாசத்தாலோ ஒருவர் ஊர்க்காரர் ஆகிவிடுவதில்லை. காலடி மண் அவர் பெயரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே ஆகிறார்.

இதற்குச் சான்று வெளியே தேட வேண்டியதில்லை. மலாக்கா நகரிலேயே காஜா பெராங்கில் செட்டி கிராமம் இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபின் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்திய நைனா சத்து என்ற தமிழ் இந்து வணிகரும் அந்தப் பழைய உலகத்தைச் சேர்ந்தவர்தான். டச்சுக்காரர் ஆட்சியில் செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டி காலத்தில், 1781இல், அரசு தந்த நிலத்தில் எழுந்தது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். தட்டார் தெருவில், மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. செட்டிகளுக்கு இன்று வீட்டுமொழி தமிழ் அல்ல, மலாய். பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தினார்கள். சமையலில் சம்பால் இருக்கிறது. ஆனால் மாரியம்மனுக்குப் படையல் போடுகிறார்கள், போகிக்கு முன்னோரை வணங்குகிறார்கள், பெயருக்குப் பின்னால் பிள்ளையும் செட்டியும் உண்டு. மொழியை இழந்த இவர்களை மலாக்காவில் யாரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதில்லை. மொழியை இழக்காத தோட்டத் தமிழரைக் கேட்கிறார்கள். மலாய் பேசுவதால்தான் செட்டிகளுக்கு இந்த ஏற்பு என்று சொல்வார்கள். ஓரளவு சரி. ஆனால் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகளும் மலாய் பேசுகிறார்கள், தேர்வில் முதல் நிலை வாங்குகிறார்கள், கேள்வி நிற்கவில்லை. செட்டிகளிடம் இருந்து இவர்களிடம் இல்லாதது கிராமம். கோயிலும் வீடும் சுடுகாடும் தங்கள் சமூகத்தின் பெயரிலேயே உள்ள ஓர் இடம்.

தோட்டம் அப்படிப்பட்ட இடமாக ஒருநாளும் இருக்கவில்லை. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டது மலாக்காக்காரரான தான் சாய் யான் என்ற சீன வணிகர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில், நாற்பது சொச்சம் ஏக்கரில். பிறகு புக்கிட் ஆசஹானில் சுமார் 3,000 ஏக்கர். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆங்கிலக் கம்பெனிகள் பணத்தோடு வந்தன, கங்காணிகள் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். விடியுமுன் பெரட்டு. பெயர் கூப்பிட்டதும் நிரைக்குப் போய் மரம் வெட்டு, மங்கில் பால் இறங்கியதும் வாளியோடு அடுத்த சுற்று, பிள்ளை ஆயாக்கொட்டகையில். மாலையில் லயத்துக்குப் பின்னால் கத்தரியும் முருங்கையும், ஒரு பசு, நாலு கோழி. வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. பார்ப்பதற்கு முழுக் கிராமம். ஆனால் அத்தனையும் கம்பெனிச் சொத்து. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கை ஒதுக்கச் சொன்னது. அதுவும் பயன்படுத்த மட்டுமே, உரிமைக்கு அல்ல. வேலை போனால் வீடு போகும். ஒரு குடும்பத்தில் கடைசி ஆள் பேர் வெட்டப்பட்ட அன்று அந்தக் குடும்பத்தின் ஊரும் பேர் வெட்டப்படும்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். அவர்கள் தங்க வரவில்லையே. நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பத்தானே வந்தார்கள், நிலம் கேட்டார்களா? முதல் தலைமுறைக்கு இது பெருமளவு பொருந்தும். அவர்கள் பேச்சில் ஊர் என்றால் தமிழ்நாட்டுக் கிராமம்தான். 'ஊருக்குப் போறோம்' என்றால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று பொருள். ஆனால் மனத்தில் இருந்ததை அமைப்பு எப்படிப் பயன்படுத்தியது என்பதைப் பார்க்க வேண்டும். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்தபோது, சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இலவசக் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள்பிடிப்பு. தொழிலாளி தங்காமல் இருப்பது முதலாளிக்கு லாபம். நெருக்கடிக் காலத்தில் அவனுக்குச் சோறு போடும் பொறுப்பைத் தஞ்சாவூர்க் கிராமம் ஏற்றுக்கொள்ளும். 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் போவதற்குத் தடை போட்டபின் போக்குவரத்து குறைந்தது, போர் வந்தது, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை பல்லாயிரம் பேரை விழுங்கியது. மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. மலேசியத் தமிழர் இருவர் முதன்முறை சந்தித்தால் கேட்டுக்கொள்ளும் கேள்வியைக் கவனியுங்கள். எந்த ஊர் என்பதில்லை. உங்களுக்கு எந்தத் தோட்டம் என்பதுதான். ஒரு மனிதன் மனத்தளவில் தங்கிவிட்டான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் குடியுரிமை கிடைத்ததே, அது போதாதா? மலாக்காவில் இந்தக் கேள்விக்குத் தனிச் சுவை உண்டு. நீரிணைக் குடியேற்றமாக நேரடி ஆங்கில ஆட்சியில் இருந்ததால், மலாக்காவிலும் பினாங்கிலும் பிறந்து நிரந்தரமாக வசித்த பிரிட்டிஷ் பிரஜைகள் 1948 மலாயாக் கூட்டரசு ஒப்பந்தப்படி தாமாகவே கூட்டரசுக் குடிமக்கள் ஆனார்கள். மற்ற மாநிலத் தமிழருக்கு இல்லாத வசதி இது. 1956 பிப்ரவரி 20இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்ததும் மலாக்காத் திடலில்தான். ஆனாலும் இந்தியாவில் பிறந்தவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள் வெளியே நின்றார்கள். 1969 இனக்கலவரத்துக்குப் பின் வேலை பெர்மிட் கட்டாயமானபோது நாடெங்கும் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தங்கியவர்களும் உண்டு. குடிமகனுக்கான நீல அட்டை வாங்கிவிட்ட அதிர்ஷ்டசாலிகளும் இருந்தது அதே லயத்தில்தான். அட்டை நாட்டைக் கொடுத்தது, வீட்டைக் கொடுக்கவில்லை.

இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமானது தோட்டத் துண்டாடலின்போது. 1950களில் ஆங்கிலக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். பொருளியலாளர் உங்கு அசிஸ் தலைமையில் நடந்த ஆய்வு அதன் பாதிப்பைப் பதிவு செய்தது. சிறு துண்டு வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம், பழைய ஆட்களும் வேண்டாம். ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களைத் தவணைப் பணத்தில் பங்குதாரர்களாக்கித் தோட்டங்களையே வாங்கினார். அபாரமான முயற்சி. நோயின் பெயரை அவர் சரியாகச் சொன்னார்: நிலம். ஆனால் சங்கம் வாங்கியது தோட்டத்தை. தொழிலாளி பெயரில் தனி வீட்டுமனை என்பது அப்போதும் தூரத்தில்தான் இருந்தது. 1967இல் புக்கிட் ஆசஹான் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். நாட்டின் முதல் பெருந்தோட்டங்களில் ஒன்றிலிருந்து, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு. அரசுக்கு நிலத்தின் அருமை தெரியாது என்று சொல்லவே முடியாது. 1956இல் தொடங்கிய ஃபெல்டா என்ற அரசு நிலக் குடியேற்ற அமைப்பு, கிராமத்து ஏழைக் குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் தந்து குடியேற்றியது. ஏழையை ஊர்க்காரனாக்கும் வழி எது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதில் தோட்டத் தமிழர் பங்கு மிகச் சொற்பம். காட்டை அழித்து ரப்பர் நடத் தெரிந்த கைகள் பக்கத்திலேயே இருந்தன என்பது நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. லயத்து வாழ்க்கை என்ன சொர்க்கமா? கள்ளும் கடனும் கங்காணி அதட்டலும் நிறைந்த இடம் போனதற்கு ஏன் அழ வேண்டும்? எல்லா நாட்டிலும் கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போகிறார்கள், மலாய்க்காரர்களும் போனார்கள். உண்மை. தோட்டத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் பலருக்கு அங்கே மரம் வெட்டிய அனுபவம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் நெடுஞ்சாலையைப் பாருங்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் மலாய்க் குடும்பங்கள் காரை நிறைத்துக்கொண்டு மஸ்ஜித் தானாவுக்கும் தங்கா பத்துவுக்கும் போகின்றன. பாலேக் கம்போங், கிராமம் திரும்புதல். அங்கே தாத்தாவின் மரவீடு, ரம்புத்தான் மரம், பெயர் எழுதிய மண் காத்திருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் தோட்டத்துப் பிள்ளை போவது அண்ணன் வாங்கிய தாமான் (புறநகர்க் குடியிருப்பு) வீட்டுக்கு, அல்லது அடுக்குமாடியின் நாலாவது மாடிக்கு. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பட்டணம் போவது இருவருக்கும் பொது. திரும்புவதற்கு இடம் இருப்பது ஒருவருக்கு மட்டும். ஏழ்மையில் அன்று இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மிஞ்சியிருப்பவை பெயர்கள். மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பலவற்றின் பலகையில் லாடாங் என்ற சொல் இன்னும் இருக்கிறது: லாடாங் கெமுனிங், லாடாங் டயமண்ட் ஜூபிலி. லாடாங் என்றால் தோட்டம். லயத்தை விட்டு எப்போதோ வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள்.

தோட்டங்களில் இப்போது வேறு ஆட்கள். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் செம்பனைக் குலை வெட்ட வருகிறார்கள். சில ஆண்டு பெர்மிட், குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாது, முதலாளி மாறக் கூடாது, முடிந்தால் விமானம். 1930இன் இலவசக் கப்பலைச் சட்டமாக்கினால் இப்படித்தான் இருக்கும். இன்னொரு பக்கம், 2002இல் தொடங்கிய இரண்டாவது இல்லம் திட்டத்தில் வெளிநாட்டுப் பணக்காரர்கள் நீண்டகால விசாவோடு வீடே வாங்கிக் குடியேறலாம். எக்ஸ்பாட்ரியட்டும் பெண்டாத்தாங்கும் இன்றும் தனித்தனி வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். தமிழர்கள் இந்தப் புதியவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், தங்கள் தாத்தாவைப் பற்றி ஒரு காலத்தில் பிறர் பேசிய அதே வாக்கியங்கள் வருகின்றன: கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், சம்பளத்தைக் கெடுக்கிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். மொழிக்கும் ஒரு குறும்பு உண்டு. தோட்டத்துத் தமிழில் பங்களா என்றால் முன்பு மேட்டிலிருந்த துரை வீடு. இன்று தொழிலாளர் குடியிருப்பைக் காட்டி யாராவது 'பங்களா' என்றால், அங்கே தங்கியிருக்கும் வங்காளதேசத்து இளைஞனைச் சொல்கிறார்கள்.