சேம அச்சும் லாரி உரிமமும்

உலு லங்காட் மாவட்டத்துச் செமினி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அத்தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால் வெட்டிய குடும்பங்களில் பிறந்த இளைஞர் சிலர் இப்பொழுது மணலும் கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகளை ஓட்டிப் பிழைக்கின்றனர். கார் உரிமம் உடைய ஒருவர் லாரி உரிமத்துக்கு உயர்வது எவ்வாறு? இடையில் இத்தனை படிகள் எதற்காக? மாணவரை வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்களும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலில் வகுப்புகளைக் காண்போம். மலேசியாவில் 17 வயது நிரம்பியவர் ‘டி’ வகுப்பு உரிமம் பெறலாம். புதிதாகப் பெறுவோர்க்கு முதல் இரண்டு ஆண்டுகள் ‘பி’ எனப்படும் தகுதிகாண் காலமாகும். இவ்வகுப்பில் 3,500 கிலோகிராம் வரை எடையுள்ள வண்டியையே ஓட்டலாம். அதற்கு மேற்பட்ட கனரக வண்டிகளுக்கு உரியது ‘இ’ வகுப்பு. இதனுள்ளும் 5,000 கிலோகிராம் வரை ‘இ-2’, 7,500 வரை ‘இ-1’, அதற்கும் மேற்பட்டவை முழு ‘இ’ என்னும் பிரிவுகள் உண்டு. ‘இ’ வகுப்புக்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. சட்டம் குறிக்கும் இவ்வெடை, சரக்கின் எடையன்று. சரக்கில்லாத வெறும் வண்டியின் எடை. மலாயில் ‘பெராட் தன்பா முவாத்தான்’ என்பர், சுருக்கமாகப் ‘பி.டி.எம்.’ என்பது வழக்கு. தமிழில் இதனை ‘வெற்றெடை’ எனலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்தது ‘மொத்த எடை’. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் பலர். லாரி காலியாக உள்ளது. ஆதலின் கார் உரிமத்தோடு ஓட்டலாம் என்று கருதுவது இம்மயக்கத்தின் விளைவே.

‘இ’ வகுப்புக்குப் பயிற்சி உரிமம் எடுத்து, ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தில் பயின்று, சாலைப் போக்குவரத்து இலாகாவின் தேர்வில் தேறவேண்டும். அதனோடு முடிந்ததா? இல்லை. கூலிக்குச் சரக்கு ஏற்றுவோர்க்கு ‘ஜி.டி.எல்.’ எனப்படும் தொழில்முறை உரிமமும் தேவை. அதற்குத் தனி வகுப்பும் மருத்துவச் சோதனையும் உண்டு. முன்னது, இவ்வகை வண்டியை ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்று. பின்னது, இத்தொழிலை ஏற்கும் தகுதியுண்டு என்பதற்குச் சான்று. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வயதும் பயிற்சியும் சோதனையும் இவ்வளவு வேண்டுமா என்று கேட்கலாம். இதற்கு விடை எடையில் இருக்கிறது. ஒன்றரை டன் காரும் முப்பது டன் லாரியும் ஒரே வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். லாரியின் இயக்க ஆற்றல் காரினதைப்போல் இருபது மடங்கு. வேகம் 60 கிலோமீட்டரிலிருந்து 90 ஆக உயர்ந்தால், அவ்வாற்றல் ஒன்றரை மடங்காக அன்று, இரண்டே கால் மடங்காகப் பெருகும். 90 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும்.

பாரத்தின் இவ்வியல்பைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உப்பு வணிகராகிய உமணர், பாரம் மிகுந்த வண்டி எந்தப் பள்ளத்தில் இறங்குமோ, எந்த மேட்டில் ஏறுமோ என்று எண்ணி, அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவர் என்பது அப்பாட்டால் விளங்கும். பாரம் ஏற்றுபவன் வழியில் நேரக்கூடியதை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இன்றைய பெரிய லாரியிலும் ஒரு சேம அச்சு உண்டு. அதன் பிரேக் அழுத்தப்பட்ட காற்றால் இயங்குவது. நிறுத்துப் பிரேக்கில் ஸ்பிரிங் எனப்படும் வலிய சுருள்வில் ஒன்று உளது. காற்றழுத்தம் அதனை அடக்கி வைத்திருக்கும்வரை சக்கரம் சுழலும்; காற்று வெளியேறிவிட்டால் வில் விரிந்து சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் புறப்படுமுன் காற்றழுத்தமானியைப் பார்க்கும்படி பயிற்சியில் வற்புறுத்துகின்றனர்.

ஆயினும், நீண்ட இறக்கத்தில் ஓயாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அப்போது அந்தச் சுருள்வில்லும் துணையாகாது. அதுவும் அதே சூடேறிய பிரேக்கைத்தான் அழுத்த வேண்டும். இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, இயந்திரத்தின் இழுவையால் வேகத்தை அடக்குவதே வழி. மலையிறக்கம் எத்துணைக் கொடிது என்பதை, 2013 ஆகஸ்டு 21இல் கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்ட துயரம் நமக்கு உணர்த்தியது.

இந்நாட்டில் ‘லெசென் தெர்பாங்’ என்றொரு சொல் வழங்குகிறது. ‘பறக்கும் உரிமம்’ என்பது அதன் பொருள். தேர்வு எழுதாமல் பணம் கொடுத்து வாங்கும் உரிமத்தையே அது குறிக்கும். அவ்வாறு வாங்குபவர் மிச்சப்படுத்துவது சில வாரப் பயிற்சியை; இழப்பதோ இறக்கத்தின் தலைப்பில் கியரைக் குறைக்க வேண்டும் என்னும் அறிவை. வறுமையின் அவசரம் அவரை அங்கே தள்ளலாம். எனினும் அதன் விலையைக் கொடுப்பவர் அவர் மட்டுமல்லர். எதிரே வரும் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருக்கும் குடும்பமும் கொடுக்க நேரும்.

ஆசிரியர் செய்யத்தக்க உதவியும் இதில் உண்டு. வெற்றெடை, மொத்த எடை, காற்றழுத்தம், இயக்க ஆற்றல் ஆகிய சொற்களைப் பொருள் விளங்கக் கற்ற மாணவன், உரிமத் தேர்வை மனப்பாடமாகக் கருதமாட்டான். உமணர் அச்சை வண்டியின் அடியில் கட்டினர். இக்காலத்து ஓட்டுநர் அதனைத் தம் அறிவில் கட்டிக்கொள்ளல் வேண்டும். உரிமத்தில் ஒரு வகுப்பு உயர்வதன் உண்மைப் பொருள் இதுவேயாகும்.