அரோனியன் – ஆனந்த் சதுரங்க ஆட்டம் (2013)

அரோனியன் – ஆனந்த் ஆட்டம் என்பது 2013 சனவரி 15 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் சே ஊரில், டாட்டா ஸ்டீல் சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்றில் நடைபெற்றதாகும். ஆர்மீனியாவின் லெவோன் அரோனியன் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். அப்போதைய உலக வாகையாளரான தமிழ்நாட்டின் விசுவநாதன் ஆனந்த் கருப்புக் காய்களுடன் ஆடி, 23 நகர்வுகளில் வென்றார்.

திறப்பு

இவ்வாட்டம் அரை-சுலாவ் தற்காப்பின் மெரான் வகையைச் சார்ந்தது. 1924-இல் இத்தாலியின் மெரானோ நகரில் நடந்த போட்டியில் அகிபா ரூபின்ஸ்டீன் இதை ஆடியதால் இப்பெயர் வந்தது. இதில் கருப்பு, சி4 சிப்பாயை வெட்டி, பி5 நகர்வால் வெள்ளை மந்திரியை விரட்டுகிறது. பின்பு சி5 நகர்வால் நடுப்பகுதியைத் தாக்கி, பி7-இல் நிற்கும் தன் மந்திரிக்கு வழி திறப்பதே நோக்கம்.

ஆட்டத்தின் போக்கு

12-ஆம் நகர்வில் அரோனியன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுசென்று எச்7 சிப்பாயைக் குறிவைத்தார். ஆனந்த் அதைக் காக்காமல் சி5 ஆடினார். குதிரை எச்7-ஐ வெட்டியதும், தம் குதிரையை ஜி4-இல் வைத்து எச்2 கட்டத்தை மிரட்டினார். அதைத் தடுக்க வெள்ளை எஃப்4 ஆடியது. அதனாலேயே வெள்ளை அரசன் நிற்கும் ஜி1-க்குச் செல்லும் மூலைவிட்டம் பலவீனமானது. 15-ஆம் நகர்வில் கருப்பு மந்திரி சி5-இல் வந்து நின்று அந்த மூலைவிட்டத்தைக் குறிவைத்தது.

16-ஆம் நகர்வில் டி7 குதிரை ஈ5-க்குத் தாவியது. அதை எஃப்4 சிப்பாய் வெட்டினால், கருப்பு அரசி டி4-ஐ வெட்டி முற்றுகையிடும். அரசன் எச்1-க்கு ஒதுங்கினால், அரசி ஜி1-இல் தன்னைப் பலிகொடுக்கும். கோட்டை அதை வெட்டியே ஆகவேண்டும். உடனே குதிரை எஃப்2-இலிருந்து இறுதி முற்றுகை வைத்துவிடும்.

அரோனியன் ஜி4 குதிரையை வெட்டி, பின்பு எஃப்8 கோட்டையையும் கைப்பற்றினார். ஆனந்த் அந்தக் குதிரையைத் திருப்பி வெட்டாமல் எஃப்5 ஆடி, வெள்ளை அரசி எச்7-க்கு வரும் வழியை அடைத்தார். கடைசியில் அவரது மந்திரி ஈ3-இல் நின்று, எச்3-ஐக் காத்த வெள்ளை அரசியின் பார்வையை மறைத்தது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பயில்வோர் அறிய வேண்டியது

இத்தாக்குதல், 2012-இல் மாஸ்கோவில் கெல்பாண்டுடன் நடந்த உலகப் போட்டிக்காக ஆனந்த் செய்த தயாரிப்பிலிருந்து வந்தது. 1907-இல் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் வென்ற ஆட்டத்தையும் இது நினைவூட்டுகிறது. அதிலும் இரு மந்திரிகளும் அரசனை நோக்கி நின்றன. நகர்வு வரிசையை மனப்பாடம் செய்தவர், எதிராளி வழிமாறியதும் திகைத்து நிற்பார். எஃப்4 எந்த வழியைத் திறந்துவிட்டது என்று அறிந்தவரோ அடுத்த நகர்வைத் தாமே தேடிக்கொள்வார்.