பார்சல் வரலைன்னு கஸ்டமர் சொன்னா? சைடு பிசினஸ் பண்றவங்க தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு



போன மாசம் ஒரு சனிக்கிழமை என்னோட க்ளையன்ட் ஒருத்தங்க ஆபீசுக்கு வந்தாங்க. ஐடி கம்பெனியில வேலை. வார இறுதியில சுங்குடி, செட்டிநாடு காட்டன் சேலை எல்லாம் வாங்கி, இன்ஸ்டாகிராம்லயும் ஒரு ஷாப்பிங் தளத்திலயும் விக்கிறாங்க. வருமான வரி விஷயமா வந்தவங்க, ஃபைலை மேசையில வச்சுட்டு முதல்ல சொன்னது இதுதான்: "சார், பிசினஸை மூடிடலாம்னு இருக்கேன். வாங்குறவங்க எல்லாருமே ஏமாத்துறாங்க."

என்ன ஆச்சுன்னு கேட்டேன். ரெண்டு சம்பவம் சொன்னாங்க.

முதல் சம்பவம்: கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கஸ்டமர், "சேலை வரவே இல்ல, பணத்தை திருப்பிக் கொடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. டிராக்கிங்ல 'டெலிவர்ட்'னு இருக்கு. இவங்க கோபத்துல அந்த கஸ்டமரோட பேரு, போன் நம்பரை ஸ்டோரியில போட்டு, 'ஏமாத்துப் பேர்வழி, ஜாக்கிரதை'ன்னு எழுதிட்டாங்க. மூணு நாள் கழிச்சு பார்சல் கிடைச்சுடுச்சு. அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அதை வாங்கி உள்ளே வச்சுட்டு லீவுல ஊருக்குப் போயிட்டார். கஸ்டமர் சொன்னது முழுக்க உண்மை.

ரெண்டாவது சம்பவம்: ஷாப்பிங் தளம் வழியா ஒரு ரிட்டர்ன் வந்திருக்கு. பிரிச்சுப் பார்த்தா இவங்க அனுப்பின புது சேலை இல்ல, யாரோ கட்டி நைஞ்சு போன பழைய சேலை. தளத்துல க்ளெய்ம் போட்டாங்க. பார்சலைப் பிரிச்ச வீடியோ கேட்டாங்க. வீடியோ இல்ல. க்ளெய்ம் தள்ளுபடி.

கவனிச்சீங்களா? உண்மை பேசினவங்களை ஏமாத்துக்காரங்கன்னு சொல்லிட்டாங்க. நிஜமா ஏமாத்தினவங்ககிட்ட தோத்துட்டாங்க. ரெண்டுக்கும் ஒரே காரணம்தான்: கையில ஆதாரம் இல்ல. பார்சல் தகராறுல ஜெயிக்கிறதும் தோக்கிறதும் புகார் வந்த பிறகு முடிவாகிறது இல்ல. நீங்க டேப் ஒட்டுற நிமிஷத்திலயே முடிவாகிடுது.

ஒரு பார்சல் போனா எத்தனை பார்சல் விக்கணும்?

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். எளிமைக்காக ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கி வச்சுடுவோம்.

சேலை விற்பனை விலை 900 ரூபாய். கொள்முதல் 600, பேக்கிங் 30, கூரியர் 80, கமிஷன் மாதிரி மத்த செலவு 40. மொத்தம் 750. லாபம் 150.

இதுல ஒரு பார்சல் காணாம போய், 900 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தா, உங்க கையில இருந்து போறது 750. அதை மீட்க இன்னும் அஞ்சு சேலை விக்கணும். அதாவது அஞ்சு கஸ்டமருக்கு லாபமே இல்லாம உழைக்கிறீங்க.

ஆனா இதையே இன்னொரு பக்கமா பாருங்க. 100 பார்சல்ல 2 இப்படிப் போகும்னு வச்சுக்கிட்டா, மொத்த நஷ்டம் 1,500. நூறு பார்சலுக்குப் பிரிச்சா, ஒண்ணுக்கு சுமார் 15 ரூபாய். கடைக்காரங்க எலி கடிச்சது, கறை பட்டது எல்லாத்தையும் விலையிலயே சேர்த்து வைக்கிற மாதிரி, இதையும் நீங்க விலையில சேர்க்கணும். அந்த 15 ரூபாயை தனி அக்கவுன்ட்ல போட்டு வைங்க. அடுத்த தடவை ஒரு பார்சல் போனா தூக்கம் போகாது. கஸ்டமர்கிட்ட நிதானமா பேச முடியும்.

உங்க நிஜமான எண் 2-ஆ, 5-ஆன்னு உங்க ஆர்டர் ஷீட்டைப் பார்த்தாதான் தெரியும். இன்னைக்கே எண்ணிப் பாருங்க.

டேப் ஒட்டும்போதே செய்ய வேண்டியவை

* பொருள், ஆர்டர் நம்பர், முகவரி லேபிள் மூணும் ஒரே வீடியோவில தெரியுற மாதிரி, கட் பண்ணாம பேக் பண்ணுங்க. ஒரு நிமிஷம் போதும்.
* பார்சலோட எடையைக் குறிச்சு வைங்க. புக்கிங் ரசீதுல இருக்கிற எடையும் அதுவும் ஒத்துப் போகணும். 'டப்பா காலியா இருந்துச்சு'ன்னு சொல்றவங்களுக்கு எடைதான் பதில்.
* விலை அதிகமான பொருளுக்கு ஓடிபி டெலிவரி போடுங்க. ஸ்பீடு போஸ்ட்லயே 2025 அக்டோபர் 1 முதல் இந்த வசதி இருக்கு. ஒரு பார்சலுக்கு 5 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கூடுதல். நம்ம கோயம்புத்தூர் கதையில இது இருந்திருந்தா, ஓடிபி சொன்ன கஸ்டமருக்கே பார்சல் யார் கையில இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.
* இன்ஷூரன்ஸ் இல்லாம அனுப்பினா, தொலைஞ்ச பார்சலுக்கு முழு விலை கிடைக்கும்னு நினைக்காதீங்க. கூரியர் ரசீதோட பின்பக்கத்துல இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. நஷ்டஈட்டுக்கு ஒரு வரம்பு போட்டிருப்பாங்க.
* ரிட்டர்ன் பார்சல் வந்தா, டேப்பை வெட்டுறதுக்கு முன்னாடியே கேமராவை ஆன் பண்ணுங்க. லேபிள், நாலு பக்கம், அப்புறம் உள்ளே இருக்கிற பொருள். அமேசானோட சேஃப்-டி, ஃப்ளிப்கார்ட்டோட எஸ்பிஎஃப் மாதிரி விற்பனையாளர் க்ளெய்ம் எல்லாத்துக்கும் கெடு நாள் உண்டு. உங்க தளத்துல அது எத்தனை நாள்னு இப்பவே பார்த்து சுவத்துல ஒட்டுங்க.
* ஒரிஜினல் வீடியோவை டெலிட் பண்ணாதீங்க. வாட்ஸ்அப்ல ஃபார்வேர்ட் பண்ணின பிரதி சுருங்கிடும், எடுத்த தேதி விவரமும் போயிடும்.
* நேரடியா விக்கிறவங்க, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் போடாதீங்க. பேங்க் அக்கவுன்ட்ல வந்திருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க.

புகார் வந்தா என்ன எழுதணும்?

முதல் மெசேஜ்ல குற்றம் சொல்லாதீங்க. இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்க ஆர்டர் டெலிவரி ஆனதா டிராக்கிங்ல காட்டுது. வீட்டுல வேற யாராவது, பக்கத்து வீட்டுல, செக்யூரிட்டிகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நாங்களும் கூரியர்ல டெலிவரி ஆதாரம் கேட்டிருக்கோம். ரெண்டு நாள்ல பதில் சொல்றோம்."

அனுப்பின கையோட கூரியர்ல புகார் பதிவு பண்ணி, நம்பர் வாங்கிடுங்க. யார் கையெழுத்து போட்டாங்க, எந்த இடத்துல கொடுத்தாங்கன்னு கேளுங்க. பணம் கார்டுல வந்திருந்தா, கஸ்டமர் பேங்க் மூலமா சார்ஜ்பேக் கேட்கவும் வாய்ப்பு இருக்கு. கேட்வேல இருந்து வர்ற மெயிலுக்கு கெடுவுக்குள்ள ஆதாரத்தோட பதில் போடலைன்னா, நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் பணம் போயிடும்.

ஒண்ணு மட்டும் செய்யவே செய்யாதீங்க: பேரு, நம்பரை பொதுவில போடுறது. அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவுப்படி குற்றம். 900 ரூபாய் சேலைக்காக வக்கீல் வீட்டு வாசல்ல நிக்க வேண்டி வரும். பெரிய தொகை, திரும்பத் திரும்ப அதே ஆள்னு தெரிஞ்சா, ஆதாரத்தோட போலீஸ்ல புகார் கொடுங்க. பணப் பரிமாற்ற மோசடின்னா 1930-க்கு உடனே போன் பண்ணுங்க.

சிஏவா நான் சொல்ல வேண்டியது

இதை நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

ஒண்ணு, ஜிஎஸ்டி. நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணினவங்களா இருந்து, சரக்கு திரும்பி வந்தா, கிரெடிட் நோட் போட்டு விற்பனை வரியைக் குறைச்சுக்கலாம். அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30-க்குள்ள அதைக் காட்டிடணும். ஆனா சரக்கு தொலைஞ்சாலோ, திருடு போனாலோ, அதை வாங்கும்போது எடுத்த ஐடிசியைத் திருப்பிக் கட்டணும். சட்டத்தோட 17(5)(எச்) பிரிவு அப்படித்தான் சொல்லுது. 600 ரூபாய் சேலைக்கு 5 சதவீதம்னா 30 ரூபாய். சின்னதுதான், வருஷம் முழுக்க விட்டுட்டு வட்டியோட கட்டும்போது வலிக்கும்.

ரெண்டு, வருமான வரி. 'நஷ்டத்தை சம்பளத்துல கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கிடலாமா சார்?' எல்லாரும் கேட்கிற கேள்வி இது. முடியாது. பிசினஸ் நஷ்டத்தை சம்பள வருமானத்தோட சரிக்கட்ட சட்டம் அனுமதிக்கலை. கெடுவுக்குள்ள ரிட்டர்ன் தாக்கல் பண்ணினா, 8 வருஷம் வரைக்கும் பிசினஸ் லாபத்தோட மட்டும் கழிச்சுக்கலாம். டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதம் லாபம்னு காட்டுற அனுமான வரி முறையில இருக்கீங்கன்னா, தொலைஞ்ச பார்சலைத் தனியா செலவா காட்டவும் முடியாது.

மூணு, உங்க ஏஐஎஸ். ஷாப்பிங் தளம் காட்டுற விற்பனை, ரிட்டர்ன் கழிக்காத மொத்தத் தொகையா இருக்கலாம். உங்க கணக்கு குறைவா இருந்தா நோட்டீஸ் வரும். அப்போ ரிட்டர்ன் பட்டியல், ரீஃபண்ட் விவரம், க்ளெய்ம் முடிவு மூணும்தான் உங்களைக் காப்பாத்தும். மாசா மாசம் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

கடைசியா

அந்த க்ளையன்ட் பிசினஸை மூடலை. ஆபீஸ்ல உட்கார்ந்தே ஆர்டர் ஷீட்டை எண்ணினோம். ஒரு வருஷத்துல 212 பார்சல். நிஜமான ஏமாத்து மூணே மூணு. "எல்லாருமே"ன்னு சொன்னவங்க கொஞ்ச நேரம் அந்த ஷீட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு போன் ஸ்டாண்ட் வாங்கினாங்க, விலையில 15 ரூபாய் ஏத்தினாங்க.

கோயம்புத்தூர் கஸ்டமருக்கும் போன் பண்ணினாங்க. எடுக்கலை. மன்னிப்பு கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினாங்க. படிச்சிட்டாங்க, பதில் வரலை. அந்த நஷ்டத்தை எந்த ஷீட்லயும் என்னால எழுதிக் கொடுக்க முடியலை.

நீங்களும் சைடுல ஏதாவது விக்கிறீங்கன்னா, உங்க எண் நூத்துக்கு எத்தனைன்னு எண்ணிட்டு கமெண்ட்ல சொல்லுங்க. ஐடிசி திருப்பிக் கட்டுறதை 3பி ரிட்டர்ன்ல எங்க காட்டணும்னு அடுத்த வீடியோவில ஸ்கிரீன்லயே போட்டுக் காட்டுறேன்.