வண்டிக்கும் ஒரு பரீட்சை

தஞ்சைச் சீமையின் சாலைகளில் பல, ஆற்றை விட்டுப் பிரிய மனமில்லாதவை. காவிரிக் கரையிலும், வெண்ணாற்றங்கரையிலும், கல்லணைக் கால்வாய்க் கரையிலும் நீரைத் தொடர்ந்தே செல்லுகின்றன. ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம் பள்ளத்தில் வயல். பிரேக் பிடிக்காத வண்டி இங்கே ஒதுங்குவதற்கு இடம் ஏது?

பஸ், லாரி, வாடகைக் கார் முதலியவற்றுக்குச் சர்க்காரின் தகுதிச் சான்று அவசியம். 'எப்.ஸி.' என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். 1939-ஆம் வருஷத்து மோட்டார் சட்டத்திலேயே இந்த ஏற்பாடு உண்டு. இப்போது 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு இதை விதிக்கிறது. புது வண்டிக்கு முதற் சான்று இரண்டு வருஷத்துக்குச் செல்லும். எட்டு வயது வரையில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், அதன் பிறகு வருஷந்தோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் பரீட்சை வருகிறது.

பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள், ஹாரன், மழை துடைப்பான், டயர் எல்லாம் பரிசோதிக்கப்படும். கார், பஸ், லாரி டயர்களின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. குறைந்தால் ஈரச் சாலையில் நீர் விலக வழியின்றிச் சக்கரம் வழுக்கும். ஆனால் சிலர் செய்வது என்ன? பரீட்சைக்கு முதல்நாள் புதுவர்ணம் பூசி, இரவல் டயர் மாட்டிப் போகிறார்கள். இன்ஸ்பெக்டரை ஏமாற்றிவிடலாம், ஐப்பசி மழையை ஏமாற்ற முடியுமா?

2012-ஆம் வருஷம் ஜூலை மாதம் தாம்பரத்தை அடுத்த ஓரிடத்தில், பள்ளிக்கூட பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து, அதே வண்டியின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அந்த பஸ் தகுதிச் சான்று பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவ்வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி வண்டிகளுக்கென்று தனி விதிகள் பிறந்தன. இப்போது கோடை விடுமுறையில், பள்ளி திறக்குமுன், அவற்றை வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

இதிலிருந்து டிரைவர் அறிய வேண்டியது ஒன்று. சான்று, பரிசோதித்த தினத்து நிலைமையைத்தான் சொல்லும். மற்ற நாட்களுக்கு டிரைவர்தான் இன்ஸ்பெக்டர். காலையில் புறப்படுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர ஐந்து நிமிஷம் போதும். டயரில் வெட்டு உண்டா, விளக்குகள் எரிகின்றனவா, வண்டியடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா, அடித்தளத்தில் துரு அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், மெதுவாகச் சென்று பிரேக்கை இலேசாக அழுத்தி அழுத்தி உலர்த்திய பின்பே வேகம் கூட்டலாம்.

சம்பா அறுவடையில் நெல் மூட்டைகளுடன் கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும் டிராக்டர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரெயிலரின் பின்விளக்கு எரியாமலும், சிவப்புப் பிரதிபலிப்பான் சேறு மூடியும் இருந்தால், தை மாதப் பனியில் பின்னால் வருகிறவனுக்கு எதுவுமே தெரியாது. அதைத் துடைப்பதற்கு ஒரு கந்தல் துணி போதும்.

பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றியனுப்பும் தாய்மார்களும் ஒரு தரம் வண்டிக்குள் எட்டிப் பார்க்கலாம். தரை சரியாயிருக்கிறதா, அவசரக் கதவு திறக்கிறதா என்று கேட்பதைக் கண்டு நல்ல டிரைவர் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.