சுவாசமும் சப்தமும்

நித்திரையின் போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்றுப் பாதை மூடிக்கொண்டு, மூச்சுத் தடைப்படுகிற விதத்தைச் சென்ற வாரம் விவரித்தோம். அந்தத் தடையை நீக்குகிற சி-பாப் யந்திரத்தைப் பாதி இரவில் அணைத்துவிட்டுப் படுப்பவர்கள் கூறும் காரணங்களில் அதன் சப்தமும் ஒன்றாதலால், அதைப் பற்றி இந்த வாரம் ஆராய்வோம்.

1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலுள்ள ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரியில், கழுத்தில் துளையிடும் சிகிச்சைக்கு மனம் ஒப்பாத ஒரு நோயாளிக்கு, மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றைச் செலுத்தி, அக்காற்றின் அழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து வைத்து, இரவு முழுவதும் தடையின்றி உறங்கச் செய்தார் டாக்டர் காலின் சல்லிவன். ஆயினும், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு அமைந்த அந்த ஆதி யந்திரங்களின் இரைச்சல் சாமானியமானதன்று. அதைச் சகித்துக்கொண்டு அக்கால நோயாளிகள் உறங்கினார்கள் என்றால், தடையற்ற மூச்சு அவர்களுக்கு எத்தனை அருமையானதாக இருந்திருக்க வேண்டும்!

இன்றைய யந்திரங்களின் ஓசை பெரும்பாலும் 25 முதல் 30 டெசிபல் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் இரவில் 'உஸ்' என்ற சீறல் கேட்குமானால், அது பெரும்பாலும் மோட்டாரிலிருந்து எழுவதன்று. முகத்தோடு சரியாகப் பொருந்தாத மாஸ்க்கின் ஓரத்திலிருந்தோ, உறக்கத்தில் திறந்துகொள்ளும் வாயிலிருந்தோ கசிகிற காற்றின் ஓசையே அது. வாரை மேலும் மேலும் இறுக்குவதால் முகம் புண்ணாகுமேயன்றிக் கசிவு நிற்காது. முகத்துக்கு ஏற்ற அளவுள்ள மாஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதே தக்க பரிகாரம். மாஸ்க்கிலுள்ள சிறு துளைகளோ, நாம் வெளிவிடும் கரியமில வாயு போவதற்காகவே அமைந்தவையாதலால், அவற்றை ஒருபோதும் அடைத்தல் கூடாது.

அழுத்தத்தைக் குறைத்தால் சப்தமும் குறையுமே என்று சிலர் நினைக்கக்கூடும். 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை, அவரவர் தொண்டை திறந்திருப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று பரிசோதித்து நிர்ணயித்ததை நாமாகக் குறைத்துக்கொண்டால், சப்தம் ஓயும். ஆனால் மூச்சும் மீண்டும் தடைப்படும். ஆரம்பத்தில் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிற 'ராம்ப்' வசதியும், மூச்சை வெளிவிடுகையில் அழுத்தம் சற்றுத் தணிகிற அமைப்பும் இருக்கின்றன; அவற்றை எப்படிப் பிரயோகிப்பது என்று வைத்தியரிடம் கேட்டறிவதே விவேகம்.

நிசப்தத்தை நாடும்போது எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதை 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சம்பவம் உலகுக்கு உணர்த்தியது. ஓசையை அடக்குவதற்காக யந்திரத்தினுள் வைத்த பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு நாளடைவில் சிதைந்து, அதன் துகள்களும் வாயுக்களும் சுவாசத்தில் கலக்கக்கூடும் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான யந்திரங்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. சப்தத்தைக் குறைக்க எந்த உபாயத்தை நாடினாலும், அதனால் சுவாசத்துக்குக் கேடில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதே முதற் கடமை.

மூக்குக்கு மட்டுமா, வாயையும் சேர்த்து மூடுவதா, எந்த மாஸ்க் யாருக்கு உகந்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)